தாமதம் தயாரிக்கும் அறை

பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர், "உங்க பொண்ணு புனேயில என்ன வேலை பார்க்கிறா?" என்று கேட்டார். "தாமதம் பண்ற வேலை" என்றேன். "ரயில்வேக்காரர் பொண்ணு வேற என்ன பண்ணுவா!" என்று எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பாயசம் வருவதற்குள் விளக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை. "மலரில் எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் ஆசிரியர் அதைக் காதில் வாங்கிக்கொண்டுவிட்டார்.

என் பெண் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். செல்போனில் நாம் பயன்படுத்தும் செயலிகள் வெளியே வருவதற்கு முன் அவற்றைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அவர்களுடைய சோதனை அறையில், நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை வேண்டுமென்றே மந்தமாக்குகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. முதலில் கேட்டபோது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், சிக்னல் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் நான் செய்ததில் பாதி அதே வேலைதான்.

முதலில் தாமதம் என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். நாக்பூரிலிருந்து சென்னை, ரயில் பாதையில் ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். நமக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாத பயணம். ஒளி, வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஆக, இங்கிருந்து சென்னைக்கு ஐந்தரை மில்லி விநாடி, போய்வரப் பதினொன்று. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது.

ஆனால் நடைமுறையில் பதினொன்று வருவதில்லை. என் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து சென்னையில் உள்ள ஒரு சர்வரைத் தட்டிப் பார்த்தால் பதில் வர முப்பத்தைந்து ஆகிறது. மீதி எங்கே போயிற்று? ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் நேரம் மட்டுமா பயண நேரம்? நீளமான கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்வரை ஒரு நேரம். ஒவ்வொரு ஜங்ஷனிலும் எந்தப் பாதையில் அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு நேரம். எல்லாவற்றையும்விட, உள்ளே லைன் காலியில்லை என்று அவுட்டர் சிக்னலில் நிற்கிற நேரம். நெட்வொர்க்கிலும் இவை நான்கும் அப்படியே உண்டு. முதல் மூன்றும் ஏறக்குறைய மாறாதவை. அவுட்டரில் நிற்கிற நேரம்தான் ஒரு நாள் இரண்டு நிமிஷம், ஒரு நாள் முக்கால் மணி.

சோதனை அறையில் இவை எதுவும் இல்லை. செயலியை ஓட்டும் போன் ஒரு மேஜையில். பதில் சொல்லும் சர்வர் அதே கட்டடத்தில், பத்து மீட்டர் கம்பியில். போய்வர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. அங்கே எல்லாச் செயலிகளும் நல்ல பிள்ளைகள். வெளியே வந்தபிறகுதான் குணம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது எப்படி என்று சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு கட்டணம் கட்டக் கடைசி நாள். எதற்கான கட்டணம், யாருடைய செயலி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "மீண்டும் முயலவும்" என்று வந்தது. சொன்னபடி முயன்றேன். அரை மணி கழித்து வங்கியிலிருந்து இரண்டு செய்திகள். இரண்டு தடவையும் பணம் போயிருந்தது. திரும்பி வாங்க ஒன்றரை மாதமும் ஏழெட்டுக் கடிதங்களும் ஆயின. எனக்குப் பென்ஷன் வருகிறது, சமாளித்தேன். அதே திண்ணையில் அன்று விதை நெல்லுக்கு வைத்திருந்த பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால்?

பெண்ணிடம் போனில் கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, உங்க முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்துடுச்சு. பதில்தான் வர லேட். அவங்க ஆபீஸ்ல வச்சு டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. அங்க பதில் லேட்டாவே வராது. அதனால இந்தக் கேஸ் அவங்க கண்ணுல பட்டிருக்கவே பட்டிருக்காது."

அப்போதுதான் எனக்கு என் பழைய இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தார்.

டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு யார்டில் புது ரிலே இன்டர்லாக்கிங் வேலை நடந்துகொண்டிருந்தது. உண்மையான பாயிண்டுகளையும் சிக்னல்களையும் இணைப்பதற்கு முன், ரிலே அறையில் ஒரு சிமுலேஷன் பேனல் வைத்துச் சோதிப்போம். ஒரு பலகையில் வரிசையாகச் சின்ன ஸ்விட்ச்சுகளும் விளக்குகளும். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் ஒரு பாயிண்டாகவோ டிராக் சர்க்யூட்டாகவோ நடிக்கும். பாயிண்டை மாற்றும்படி கட்டளை வந்ததும் நாங்கள் ஸ்விட்ச்சைத் தட்டுவோம். பாயிண்ட் மாறியதாக அர்த்தம். நான் டக்கென்று தட்டுவேன். அந்த இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்துக்கொள்வார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிட்டுத் தட்டு. வெளியே இருக்கிறது மோட்டார்யா, உன் விரல் இல்லே" என்பார்.

நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஒருநாள் அவர் சொன்னபடி எண்ணித் தட்டியபோது ஒரு பாயிண்ட் மட்டும் மாறவில்லை. கட்டளை ரிலே மூன்றாவது எண்ணிலேயே விழுந்துவிட்டது. டக்கென்று தட்டியபோதெல்லாம் சரியாக வந்த அதே சர்க்யூட். பாயிண்ட் மெஷின் தண்டவாள நாக்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிப் பூட்ட நாலைந்து விநாடி பிடிக்கும். இது வெளியே நடந்திருந்தால் நாக்கு நடுவிலேயே நின்றிருக்கும். ஆபத்து வராது, சிக்னல் விழாது. ஆனால் வண்டிகள் எல்லாம் நின்றிருக்கும். ஒரு வயரிங் தப்பு. நாலு விநாடி தாமதம் இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

நெட்வொர்க்குக்கு அந்த "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" எப்படி எண்ணுவது? நேர் வழி, உண்மையிலேயே தூரத்தை உள்ளே கொண்டுவந்துவிடுவது. கண்ணாடி இழையைச் சுருளாகச் சுற்றி வைத்தால், 25 கிலோமீட்டர் இழை ஒரு கையால் தூக்கக்கூடிய சுருளுக்குள் அடங்கிவிடும். ஒரு முனையில் விட்ட ஒளி மறுமுனையில் 125 மைக்ரோ விநாடி கழித்து வரும். அமெரிக்காவில் ஐ.இ.எக்ஸ். என்ற பங்குச் சந்தை இப்படி 38 மைல் இழையைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறது. வருகிற ஆர்டர்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரவேண்டும். 350 மைக்ரோ விநாடி தாமதம். மற்றவர்களைவிட ஒரு இமைப்பொழுது முந்திக்கொண்டு லாபம் பார்க்கிறவர்களை மட்டுப்படுத்தும் வேகத்தடை அது. நம் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு முன் போடுகிற மாதிரி. ஆனால் நமக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகள். நூறு மில்லி விநாடிக்கு 20,000 கிலோமீட்டர் இழை வேண்டும். எந்த அறையில் வைப்பது?

அதனால் வேறு வழி: பொட்டலத்தைப் பிடித்து நிறுத்தி வைப்பது. நெட்வொர்க்கில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. நடுவில் ஒரு கணிப்பொறியை வைத்து, வந்த ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் மனசுக்குள் ஒரு நேரம் குறித்து, அந்த நேரம் வந்ததும் விட்டுவிட்டால் முடிந்தது. இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிஸ்ஸோ என்பவர் 1997 இல் டம்மிநெட் என்ற பெயரில் இதைச் செய்தார். லினக்ஸில் இதே வேலைக்கு நெட்எம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீபன் ஹெமிங்கர் என்பவர் 2005 இல் அதை ஒரு கட்டுரையில் விவரித்தார். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வரிக் கட்டளை போதும்: இந்த அட்டை வழியாக வெளியேறும் பொட்டலங்களை நூறு மில்லி விநாடி நிறுத்து.

பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பரணில் கிடந்த பழைய கணிப்பொறியை இறக்கி, லினக்ஸ் ஏற்றி, இரண்டாவது நெட்வொர்க் அட்டை ஒன்று வாங்கிச் செருகி, வீட்டு மோடத்துக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். நூறு மில்லி விநாடி என்று கட்டளை கொடுத்துவிட்டுச் சென்னையைத் தட்டினேன். முப்பத்தைந்தாக இருந்தது 135 ஆயிற்று. போக நூறு, வர நூறு, ஆக 235 அல்லவா வர வேண்டும்? பிறகு புரிந்தது. நெட்எம் வெளியேறும் பொட்டலங்களை மட்டும்தான் நிறுத்தும். நான் ஒரு அட்டைக்குத்தான் சொல்லியிருந்தேன். அப் லைனில் மட்டும் வேகக் கட்டுப்பாடு போட்டுவிட்டு டவுன் லைனை மறந்த கதை. இரண்டு அட்டைகளுக்கும் சொன்னதும் 235 வந்தது.

அடுத்து, இரண்டு பக்கமும் முந்நூறு. இங்கே ஒரு விபரீதம்.

என் மனைவி தினமும் சாயங்காலம் கும்பகோணத்தில் இருக்கும் தன் அக்காவுடன் வீடியோவில் பேசுவாள். நான் பெட்டியைச் செருகியிருப்பது அவளுக்குத் தெரியாது. பேச்சு ஆரம்பித்த ஒரு நிமிஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். "நீ சொல்லு." "இல்ல, நீ சொல்லு." மறுபடி ஒரே நேரத்தில். கொஞ்சம் கழித்து மனைவி, "பேத்திக்குக் காது குத்தறோமே, நீ வருவியோல்லியோ?" என்று கேட்டாள். அக்கா "வரேனே" என்றுதான் சொன்னாள். ஆனால் கேள்வி போய்ச் சேர முந்நூறு, பதில் வந்து சேர முந்நூறு, அதற்கு மேல் வழக்கமான தாமதம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதைவிட நாலு மடங்கு மௌனம் விழுந்தால் நம் மனசு அதற்கு ஓர் அர்த்தம் கற்பித்துவிடுகிறது.

போனை வைத்ததும் மனைவி, "அக்காவுக்கு வர இஷ்டமில்லை போலிருக்குங்க. யோசிச்சு யோசிச்சுச் சொல்றா. போன தடவை நாம சரியாக் கவனிக்கலையோ?" என்றாள். கண் கலங்கிவிட்டது. நான் பெட்டியைக் காட்டி உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. அன்றிரவு எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுதவில்லை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்ற பரிந்துரை, பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதைப் படித்தபோது ஏதோ எண் என்று நினைத்தேன். அந்தச் சாயங்காலம்தான் அது எதை அளக்கிறது என்று தெரிந்தது. முன்பு துணைக்கோள் வழியாக வெளிநாட்டுக்குப் பேசியவர்களுக்கு இது நினைவிருக்கும். துணைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கவே ஒரு வழிக்கு 240 மில்லி விநாடி. கேள்வியும் பதிலுமாக அரை விநாடி. அந்தமானில் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும்வரை வெளியுலகத் தொடர்புக்குத் துணைக்கோளைத்தான் நம்பியிருந்தார்கள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நம்மவர்கள் எத்தனை குடும்பம்! அவர்கள் கையிலிருந்த செயலிகளை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த அரை விநாடியை அறையில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

தாமதம் இன்னொரு விஷமமும் செய்யும். ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுத்து வண்டி விடுவது பலருக்குத் தெரியும். டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அந்த வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த டோக்கன் எடுக்க முடியும். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதைத் தண்டவாளத்தின் வலு தீர்மானிப்பதில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஓடும் நேரம் தீர்மானிக்கிறது. இணையத்தின் டி.சி.பி. முறையிலும் இப்படி ஓர் அளவு உண்டு. பழைய ஏற்பாட்டில், "கிடைத்தது" என்று பதில் வராமல் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது. போய்வர அரை விநாடி என்றால், விநாடிக்கு ஒரு மெகாபிட்தான் போகும். நீங்கள் நூறு மெகாபிட் லைனுக்குக் காசு கட்டியிருந்தாலும் சரி. இந்த வரம்பைப் பெரிதாக்க 1992 இலேயே வழி வகுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கோ ஒரு பழைய பெட்டியிலோ, அவசரத்தில் எழுதிய நிரலிலோ அது இன்னும் ஒளிந்துகொண்டிருக்கும். பத்து மீட்டர் கம்பியில் அது வெளியே தெரியாது.

முந்நூறு வைத்தபோது என் வீட்டிலும் வேகம் நாற்பது மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. "பார்த்தாயா, டோக்கன் கணக்கு!" என்று பெண்ணுக்குப் பெருமையாகப் போன் செய்தேன். "அப்பா, லிமிட்டைக் கூட்டினீங்களா?" என்றாள். எந்த லிமிட்? நெட்எம் தானாக ஆயிரம் பொட்டலங்களை மட்டுமே பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் வருவதைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு பொட்டலம் 1,500 பைட் என்றால் ஆயிரம் பொட்டலம் 12 மெகாபிட். அதை 0.3 விநாடியால் வகுத்துப் பாருங்கள், சரியாக நாற்பது. நெட்வொர்க்கின் குணம் என்று நான் நினைத்தது என் பெட்டியின் குறை.

வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் எந்த யார்டு மாஸ்டருக்கும் தெரிந்த விஷயம் அது. வண்டியைத் தாமதப்படுத்த வேண்டுமானால் அதை நிறுத்திவைக்க ஒரு லூப் லைன் வேண்டும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு இடம். 1949 இல் கேம்பிரிட்ஜில் ஓடிய எட்சாக் கணிப்பொறி இதையே திருப்பிப் பயன்படுத்தியது: பாதரசக் குழாயில் ஒலி அலை மெதுவாகப் போகும் அந்தத் தாமதத்தையே நினைவகமாக வைத்திருந்தார்கள்.

சரி, இடமும் கூட்டியாயிற்று. அப்போதும் அது உண்மையான நெட்வொர்க் ஆகிவிடாது. தினமும் சரியாக இருபது நிமிஷம் லேட்டாக வரும் வண்டியால் யாருக்கும் கஷ்டமில்லை. இன்று ஐந்து நிமிஷம், நாளை இரண்டு மணி என்று வருகிற வண்டிதான் ஆளைக் கொல்லும். கிராமத்து செல்போன் டவரின் தாமதம் அந்த ஜாதி. ஆகவே நூறு, கூடக்குறைய ஐம்பது என்று ஏற்ற இறக்கம் சேர்க்கவேண்டும். இதிலும் ஒரு கண்ணி. நெட்எம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியே சீட்டுக் குலுக்குவதால், பின்னால் வந்தது முன்னால் போய்விடும். ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸை பாசஞ்சர் முந்தின மாதிரி. நிஜத்தில் இது எப்போதாவது நடக்கும். அறையில் நிமிஷத்துக்கு நூறு தடவை நடந்தால் சோதனை வேறெதையோ சோதித்ததாக ஆகிவிடும்.

என் இரட்டைக் கட்டணத்துக்கு மருந்து என்ன என்றும் பெண்ணிடம் கேட்டேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலியே ஒரு தனி எண் கொடுத்து அனுப்பவேண்டும். மறுபடி அனுப்பினாலும் அதே எண். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால், பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பி அனுப்பவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் தங்களுக்குள் பிரைவேட் நம்பர் சொல்லிக்கொள்வார்களே, ஒருமுறை சொன்னதைத் தாளில் அடித்துவிடுவார்களே, அதற்குப் பங்காளி முறை. செய்வது கடினமில்லை. செய்யவேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் அறையில் தாமதம் வேண்டும்.

"உங்க லேபில் எந்தத் தாமதத்தை வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பெரிய ஊர்களில் எடுத்த அளவுகள்தான் இருப்பதாகச் சொன்னாள். போன சித்திரையில் கிராமத்துக்குப் போனபோது மடிக்கணினியையும் எடுத்துப் போனேன். போனின் இணைப்பைப் பிடித்து, அதே திண்ணையில் மூன்று நாள், காலை, மத்தியானம், சாயங்காலம் என்று விநாடிக்கு ஒரு தட்டு தட்டிப் பதிவு செய்தேன். எண்பதில் இருக்கும், திடீரென்று தொள்ளாயிரம், மூன்று பதில் வராமலே போகும், மறுபடி எண்பது. பக்கத்து வீட்டுப் பையன், "என்ன தாத்தா, கிரிக்கெட் ஸ்கோரா?" என்றான்.

அளந்த எண்களை அப்படியே அட்டவணையாக்கி நெட்எம்முக்குக் கொடுக்க வழி இருக்கிறது. பெண் அதை ஏற்றி, எங்கள் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். புனேயில் ஐந்தாவது மாடியில், குளிர்சாதன அறையில், ஒரு மேஜை மேல் இருக்கும் போன் இப்போது எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஏற்றிய முதல் நாளே அவர்களுடைய சொந்தச் செயலி இரண்டு தடவை பணம் பிடித்தது. அது வெளியே வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.